மான் கொம்பு மீண்டும் வளர்வது எப்படி?

இழப்பு மீட்டல் பாடத்தை நடத்தும்போது நம் கைவசம் இருக்கும் எடுத்துக்காட்டுகள் சிலவே. ஹைட்ரா, பிளனேரியா, நட்சத்திர மீன், பல்லியின் வால். இவற்றைச் சொல்லி முடித்ததும் என் வகுப்பில் அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் ஒரு கேள்வி எழும்: "நமக்குக் கை போனா ஏன் சார் திரும்ப வளரமாட்டேங்குது?" பாலூட்டிகளின் உடலில் காயம் ஆறும், இழந்த உறுப்பு திரும்ப வராது என்பது நாம் வழக்கமாகத் தரும் விடை. பெரும்பாலும் அது சரியான விடைதான். ஆனால் அதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. அது மானின் தலையில் இருக்கிறது.

எலும்பு, குருத்தெலும்பு, இரத்தக் குழாய், நரம்பு, தோல், மயிர் ஆகிய அனைத்தையும் கொண்ட முழு உறுப்பு ஒன்றை ஆண் மான் ஆண்டுதோறும் இழந்து, ஆண்டுதோறும் திரும்பப் பெறுகிறது. பல்லிக்கு வால் மீண்டும் வளர்ந்தாலும், அதன் உள்ளே பழைய முதுகெலும்புக் கண்ணிகள் வருவதில்லை. ஒரு குருத்தெலும்புக் குழாய்தான் வருகிறது. மானுக்கோ எலும்பாலான கொம்பே முழுமையாகத் திரும்ப வருகிறது. இது எப்படி நடக்கிறது என்பதை அறிவியலாளர்கள் கண்டறிந்த வழி, பாடப்பொருளாக மட்டுமல்லாமல், அறிவியல் முறையைக் கற்பிக்கவும் நமக்குப் பயன்படும் என்பதால் இதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

கொம்பு என்ற ஒரே சொல்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் மாட்டுக்கும் கொம்புதான், மானுக்கும் கொம்புதான். உயிரியலில் இவை இரண்டும் வேறு வேறு.

மாடு, ஆடு, நம் மாநில விலங்கான வரையாடு ஆகியவற்றின் கொம்பில் நடுவே எலும்பு இருக்கும். அதன் மேல் நகம் போன்ற கெராட்டின் உறை மூடியிருக்கும். இந்தக் கொம்பு வாழ்நாள் முழுவதும் உதிராது; கிளைக்காது; அடிப்பக்கத்திலிருந்து வளரும். ஒடிந்தால் முழுமையாகத் திரும்ப வராது.

மான் குடும்பத்தின் கொம்பு முழுவதும் எலும்பு. அது நுனியிலிருந்து வளர்கிறது, பெரும்பாலும் கிளைக்கிறது, உதிர்ந்து மீண்டும் முளைக்கிறது. பெரும்பாலான இனங்களில் ஆணுக்கு மட்டுமே கொம்பு உண்டு. வடதுருவப் பகுதியில் வாழும் ரெயின்டீர் எனும் துருவ மானில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு.

பெயரை வைத்து எது எந்த வகை என்று முடிவு செய்ய முடியாது. சென்னை கிண்டி தேசியப் பூங்காவிலும் கோடியக்கரையிலும் புள்ளிமானும் வெளிமானும் ஒரே இடத்தில் வாழ்கின்றன. புள்ளிமான் உண்மையான மான். வெளிமான் பெயரில் மான் இருந்தாலும் மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் முறுக்குக் கொம்பு உதிர்வதில்லை. இதற்கு நேர்மாறாக, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் கேளையாடு பெயரில்தான் ஆடு. அது மான் குடும்பத்தைச் சேர்ந்தது, கொம்பு உதிர்க்கும். வகைப்பாட்டியல் ஏன் தேவை என்று மாணவர்கள் கேட்டால் இந்த இரு விலங்குகளையும் அருகருகே வைத்துக் காட்டலாம்.

ஒரு கொம்பின் வாழ்க்கை

மானின் நெற்றி எலும்பிலிருந்து இரண்டு குட்டையான எலும்புத் தண்டுகள் நீண்டிருக்கும். இவற்றைக் கொம்படி என்று அழைப்போம். கொம்படி உதிர்வதில்லை, தோலும் மயிரும் மூடியபடி வாழ்நாள் முழுவதும் இருக்கும். கேளையாட்டில் இது நீளமாக இருப்பதால் படத்தில்கூடத் தெளிவாகத் தெரியும். கொம்படிக்கு மேலே இருப்பதுதான் உதிரும் கொம்பு.

ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோன் குறையும்போது, கொம்பும் கொம்படியும் சேரும் இடத்தில் எலும்பை அரிக்கும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. இணைப்பு வலுவிழந்து கொம்பு விழுகிறது. அங்கே ஒரு திறந்த புண் இருக்கும். சுற்றியுள்ள தோல் உள்நோக்கி நகர்ந்து அதை மூடுகிறது. ஓரிரு வாரங்களில் அங்கே புதிய மொட்டு புடைக்கத் தொடங்குகிறது.

வளரும் கொம்பை மெல்லிய மயிர் அடர்ந்த தோல் போர்த்தியிருக்கும். தொட்டால் வெல்வெட் துணி போல் இருப்பதால் இதற்கு வெல்வெட் தோல் என்று பெயர். நுனியில் செல்கள் பெருகுகின்றன, அவை குருத்தெலும்பாகின்றன, பின்னாலேயே குருத்தெலும்பு எலும்பாக மாறிக்கொண்டு வருகிறது. பொதுவாகக் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இருக்காது என்று நாம் கற்பிக்கிறோம். மான் கொம்பின் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கும். அந்த வேகத்துக்கு உணவும் ஆக்சிஜனும் வேறு எப்படிக் கிடைக்கும்? பெரிய மான் இனங்களில் வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது கொம்பு ஒரே நாளில் 2 செ.மீ. வரை நீளக்கூடும். இதற்கு வேண்டிய கால்சியத்தின் ஒரு பகுதியை மான் தன் விலா எலும்புகள் போன்றவற்றிலிருந்தே கடன் வாங்கி, பிறகு உணவின் மூலம் அடைக்கிறது.

டெஸ்டோஸ்டிரோன் மீண்டும் உயரும்போது கொம்பு முழுதும் இறுகி எலும்பாகிறது. இரத்த ஓட்டம் நிற்கிறது. வெல்வெட் தோல் காய்ந்து உரிகிறது. மான் அதை மரத்திலும் புதரிலும் தேய்த்துக் களைகிறது. அதன்பின் தலையில் நிற்பது உயிரற்ற எலும்பு. எனவே கொம்பு உதிரும்போது மானுக்கு வலிக்குமா என்று தொடக்க வகுப்புக் குழந்தைகள் கேட்டால், முற்றிய கொம்பில் வலி இல்லை, வெல்வெட் பருவத்தில் அடிபட்டால் வலிக்கும், இரத்தமும் வரும் என்று சொல்லலாம்.

மிதவெப்ப நாடுகளின் மான்கள் பகல் நீளத்தை ஒட்டி ஏறத்தாழ ஒரே பருவத்தில் கொம்பு உதிர்க்கும். நம் புள்ளிமான்கள் அப்படி அல்ல. ஒரே கூட்டத்தில் முற்றிய கொம்பு, வெல்வெட் கொம்பு, கொம்பு விழுந்த வெறுந்தலை ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியும்.

எது காரணம்? மூன்று சோதனைகள்

புதிய கொம்பைத் தொடங்கி வைப்பது எந்தத் திசு? கொம்படியில் எலும்பு இருக்கிறது, அதைப் போர்த்திய தோல் இருக்கிறது, நரம்பு இருக்கிறது. எலும்புக்கும் தோலுக்கும் நடுவே பெரியாஸ்டியம் என்ற மெல்லிய எலும்புறையும் இருக்கிறது. இவற்றில் எது என்று கண்டுபிடிக்க அறிவியலாளர்கள் செய்த சோதனைகளை மூன்று எளிய வினைகளாக நான் வகுப்பில் சொல்வதுண்டு: எடுத்துப் பார், இடம் மாற்றிப் பார், பிரித்துப் பார்.

இடம் மாற்றிப் பார்த்தது முதலில் நடந்தது. 1974இல் ஹார்ட்விக், ஷ்ருடே என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் தங்கள் முடிவை வெளியிட்டனர். ரோ மான் என்ற ஐரோப்பிய இனத்தின் இளம் ஆணின் நெற்றியில், கொம்படி பின்னாளில் தோன்றவிருக்கும் இடத்திலிருந்த எலும்புறையை எடுத்து முன்னங்காலில் தோலுக்கடியில் வைத்தனர். காலில் கொம்பு முளைத்தது! பின்னர் அமெரிக்காவின் ரிச்சர்ட் காஸ் உள்ளிட்டோரும் வேறு மான்களில் இத்தகைய சோதனைகளைச் செய்து உறுதிப்படுத்தினர். நெற்றித் தோலை மட்டும் இடம் மாற்றினால் கொம்பு வரவில்லை. ஆக, கொம்பை உருவாக்கும் ஆற்றல் அந்த எலும்புறையில் இருக்கிறது.

எடுத்துப் பார்த்தது அடுத்தது. நியூசிலாந்தில் சுன்யி லீ என்ற அறிவியலாளரும் குழுவினரும் செம்மான்களின் கொம்படியிலிருந்து எலும்புறையை நீக்கினர். அதன் விவரங்கள் 2007இல் வெளிவந்தன. எலும்புறை முழுவதையும் நீக்கியபோது கொம்பு மீண்டும் வளரவில்லை. ஒரு பகுதியை மட்டும் நீக்கியபோது, எஞ்சியிருந்த எலும்புறையின் விளிம்பிலிருந்து வளர்ந்தது. நரம்பைத் துண்டித்துப் பார்த்த பழைய சோதனைகளில் கொம்பு தொடர்ந்து வளர்ந்தது. சாலமாண்டரின் கால் மீண்டும் வளர நரம்பு கட்டாயம் வேண்டும் என்பதை நினைத்தால், மான் வேறொரு வழியில் செல்வது தெரிகிறது.

இதோடு நிறுத்தினால் "எலும்புறையில் குருத்தணுக்கள் உள்ளன, அவையே கொம்பை வளர்க்கின்றன" என்று பாடத்தை முடித்துவிடலாம். மூன்றாவது சோதனைதான் கதையை மாற்றியது.

பிரித்துப் பார்த்தபோது

கொம்படியில் தோலும் எலும்புறையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சேர்ந்திருப்பதில்லை. மேல் பகுதியில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில், தோல் எலும்புறையோடு இறுக ஒட்டியிருக்கும். கீழே இரண்டு பங்கில் தளர்வாக இருக்கும். லீயின் குழுவினர் தோலுக்கும் எலும்புறைக்கும் நடுவே எதையும் கடத்தாத மெல்லிய சவ்வு ஒன்றைச் செருகினர். எலும்புறை இருக்கிறது, தோலும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொட முடியாது, வேதிச் சைகைகளும் கடக்க முடியாது.

தோலோடு இறுக ஒட்டியிருந்த மேல் பகுதியில் இப்படித் தடுத்தபோது, எலும்புறை ஏற்கெனவே தூண்டப்பட்டுத் தயாராக இருந்ததால், தோல் போர்வை இல்லாமலேயே கொம்பு வளர்ந்தது. இன்னும் தயாராகாத கீழ்ப் பகுதியில் தடுத்தபோது கொம்பு மீண்டும் வளரவில்லை. குருத்தணுக்கள் அங்கே குறைவின்றி இருந்தும், பக்கத்துத் தோலிலிருந்து வரவேண்டிய சைகை வராததால் அவை உறங்கியே இருந்தன.

இந்தப் பேச்சு ஒருவழிப் பேச்சு அல்ல. காலில் எலும்புறையை வைத்த சோதனையை நினைத்துப் பாருங்கள். அங்கே கொம்பை மூடியது கால் தோல்தான். ஆனால் எலும்புறையின் தூண்டுதலால் அந்தச் சாதாரணத் தோல் வெல்வெட் தோலாக மாறியது. எலும்புறை தோலை மாற்றுகிறது. தோல் எலும்புறையை எழுப்புகிறது. இந்த இருவழி உரையாடல் நடக்கும் இடத்தில் மட்டுமே உறுப்பு மீள்கிறது.

தழும்பில்லாத தோல்

வளர்ந்த பாலூட்டியின் தோலில் ஆழமாகக் காயம் பட்டால், அந்த இடத்தில் தழும்பு வரும். தழும்பில் மயிர்க்கால்கள் புதிதாகத் தோன்றுவதில்லை. வெல்வெட் தோலோ ஆண்டுதோறும் புதிய மயிர்க்கால்களையும் எண்ணெய்ச் சுரப்பிகளையும் உருவாக்கிக்கொள்கிறது.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருவ மானில் இதைச் சோதித்து 2022இல் வெளியிட்டனர். ஒரே விலங்கின் முதுகுத் தோலிலும் வெல்வெட் தோலிலும் ஒரே மாதிரியான காயத்தை உண்டாக்கினர். முதுகில் தழும்பு வந்தது. வெல்வெட் தோல் மயிர்க்கால்களோடு பழையபடி ஆனது. வெல்வெட் தோலை எடுத்து முதுகில் ஒட்டியபோது, அது தொடக்கத்தில் மீளும் திறனைக் காட்டினாலும், நாளடைவில் தழும்பாகும் தன்மைக்கு மாறியது. வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் தோலின் உட்பகுதியிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத்திசுச் செல்கள். முதுகுத் தோலில் இவை அழற்சியைத் தூண்டும் சைகைகளை அனுப்புகின்றன. நோய் எதிர்ப்புச் செல்கள் திரண்டு வருகின்றன. புண் விரைவாக அடைபட்டுத் தழும்பாகிறது. வெல்வெட் தோலில் இவை கருவிலிருக்கும் மனிதத் தோலின் செல்களை ஒத்திருக்கின்றன. அழற்சி அடங்கி, மீளாக்கத்துக்கு வழி கிடைக்கிறது.

கொம்பு விழுந்த புண் ஏன் தழும்பாக மூடிக்கொள்வதில்லை என்பதைப் புரிந்துகொள்ள இது உதவுகிறது. தழும்பு விழுந்திருந்தால் குருத்தணுக்களுக்கு மேலே ஒரு சுவர் எழுந்திருக்கும்.

குருத்தணுக்களின் முகவரி

எலும்புறையில் உள்ள எந்தச் செல்கள் இந்த வேலையைச் செய்கின்றன? சீனாவில் சிக்கா மான்களை ஆராய்ந்த குழு ஒன்று 2023இல் சயின்ஸ் இதழில் விடை தந்தது. கொம்பு உதிர்வதற்கு முன்பிருந்து வளர்ச்சிக் காலம் வரை பல கட்டங்களில் திசுக்களை எடுத்து, ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் செயல்படுகின்றன என்று தனித்தனியே பார்த்தனர். இப்படி 70,000க்கும் மேற்பட்ட செல்கள் ஆராயப்பட்டன. கொம்பு விழுந்து 5 நாள்கள் ஆன நிலையில் ஒரு குறிப்பிட்ட வகைக் குருத்தணுக்கள் மிகுந்திருப்பது தெரிந்தது. அவற்றை ஆய்வகத்தில் வளர்த்து, நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த எலிகளின் தலையில் தோலுக்கடியில் வைத்தபோது, 45 நாள்களில் சிறிய கொம்பு போன்ற எலும்புப் புடைப்புகள் உருவாயின.

இவ்வளவு வேகமாகச் செல்கள் பெருகினால் அது புற்றுநோயாகாதா? மேல்நிலை மாணவர்கள் கேட்கக்கூடிய நல்ல கேள்வி இது. 2019இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, வளரும் மான் கொம்பின் மரபணுச் செயல்பாடு சாதாரண எலும்பைவிட எலும்புப் புற்றுநோயை அதிகம் ஒத்திருப்பதைக் காட்டியது. கூடவே, கட்டி உருவாவதைத் தடுக்கும் மரபணுக்களும் மானில் வலுவாகச் செயல்படுவதை அது காட்டியது. முடுக்கியும் தடையும் ஒரே வண்டியில் நன்றாக வேலை செய்கின்றன.

நமக்கு இதில் என்ன?

சிறு குழந்தைகளுக்கு விரல் நுனி துண்டானால், நகத்தின் அடிப்பகுதி சேதப்படாமல் இருந்தால், அந்த நுனி ஓரளவுக்கு மீண்டும் உருவாவதை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். எலிகளின் விரல் நுனியில் செய்த ஆய்வு ஒன்று 2013இல் நேச்சர் இதழில் வந்தது. நகத்தடியிலுள்ள தோல் வகைக் குருத்தணுக்களிலிருந்து எழும் சைகையால்தான் அடியிலுள்ள எலும்பும் மீள்கிறது என்று அது காட்டியது. நகத்தடியை இழந்தால் எலும்பும் மீள்வதில்லை. மானில் பார்த்த அதே பாடம் இங்கேயும் இருக்கிறது: எலும்பின் மீட்சி பக்கத்திலிருக்கும் தோலையும் பொறுத்தது.

எலும்பு முறிவு, தீக்காயத் தழும்பு, மூட்டுத் தேய்மானம் ஆகியவற்றுக்கு இந்த ஆய்வுகள் ஒருநாள் உதவலாம். இன்றைய நிலையில், இழந்த கையையோ காலையோ வளர்க்கும் சிகிச்சை எங்கும் இல்லை. "ஸ்டெம் செல்" என்ற சொல்லைப் போட்டு அழகுப் பொருள்களும் சிகிச்சைகளும் விளம்பரமாகி, பெற்றோர் பணத்தை இழக்கும் காலம் இது. குருத்தணு இருந்தால் போதும் என்ற எண்ணத்தைத்தான் அந்த விளம்பரங்கள் விற்கின்றன. குருத்தணு மட்டும் போதாது, சரியான சுற்றுப்புறமும் சைகையும் வேண்டும் என்று மான் கொம்பு காட்டுகிறது. எலியில் நடந்தது மனிதரில் நடந்ததாகாது என்பதையும் மாணவர்கள் பள்ளியிலேயே கற்றுக்கொள்ள வேண்டும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க வகுப்புகளில் பசு, வெள்ளாடு, வரையாடு, வெளிமான், புள்ளிமான், கடமான், கேளையாடு ஆகியவற்றின் படங்களைக் கொடுத்து, "உதிரும் கொம்பு", "உதிராத கொம்பு" என்று பிரிக்கச் சொல்லலாம். முதலில் பெயரை வைத்துப் பிரிப்பார்கள். பிறகு கொம்பின் வடிவத்தை வைத்துப் பிரிக்கச் சொன்னால் வெளிமானும் கேளையாடும் விவாதத்தைத் தொடங்கி வைக்கும். கிளைகளை எண்ணி மானின் வயதைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையையும் அப்போதே திருத்தலாம். கிளைகள் உணவையும் உடல் நலத்தையும் பொறுத்து மாறும்.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் மூன்று சோதனைகளின் முடிவுகளை உடனே சொல்லிவிட வேண்டாம். ஒவ்வொரு சோதனையையும் கரும்பலகையில் வரைந்து, "என்ன நடக்கும்? ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று எழுத வைத்துவிட்டு முடிவைச் சொல்லுங்கள். சவ்வைச் செருகும் சோதனையில் பெரும்பாலோர் "எலும்புறைதான் இருக்கிறதே, வளரும்" என்றே எழுதுவார்கள். காரணம் இருப்பதும் அந்தக் காரணம் போதுமானதாக இருப்பதும் வேறு வேறு என்ற கருத்தை அங்கே எளிதாக விளக்கலாம்.

பள்ளித் தோட்டத்தில் முருங்கை இருந்தால் ஓர் ஒப்புமையும் கிடைக்கும். வெட்டிய கிளையின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற பகுபடும் அடுக்கு இருக்கிறது. கொம்படியில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே எலும்புறை இருப்பது போலத்தான் இது. ஒப்புமை இருப்பிடத்தைப் புரிய வைக்க மட்டுமே. இரண்டும் செயல்படும் விதம் வேறு.

ஒரு எச்சரிக்கை. கற்பித்தல் பொருளாகக்கூட மான் கொம்பைக் காட்டிலிருந்து எடுத்து வரக்கூடாது. உதிர்ந்து கிடப்பதை எடுப்பதும் வைத்திருப்பதும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி குற்றம். உதிர்ந்த கொம்பு வீணாவதும் இல்லை. முள்ளம்பன்றிகளும் மான்களுமே அதைக் கடித்துக் கால்சியத்தைப் பெறுகின்றன. நமக்குப் படமும், களிமண்ணில் செய்த மாதிரியும் போதும்.

"நமக்குக் கை ஏன் வளரவில்லை?" என்று கேட்கும் மாணவருக்கு இனி, "நம் உடலில் குருத்தணுக்கள் இல்லாமல் இல்லை; அவற்றை எழுப்பும் பேச்சு நடப்பதற்குள் தழும்பு முந்திக்கொள்கிறது. அந்தப் பேச்சு என்ன என்பதைத்தான் இப்போது கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று விடை சொல்லலாம். "முடியாது" என்று முடிகிற விடையைவிட, அந்த மாணவர் தொடர்ந்து படிக்க இது இடம் தரும்.